முதலிலிருந்து சொல்லுங்கள்

விடுமுறை விட்டால் போதும், எங்கள் அக்காவைத் தேடிக்கொண்டு வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் வந்துவிடுவார்கள். சொந்தக்காரர்கள் ஒருத்தரும் எங்கள் வீட்டுப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை; இவர்கள் மட்டும் தவறுவதே இல்லை. எல்லோரும் சட்டம் படிக்கிறவர்கள். ஃபெல்லோஷிப் என்று ஒன்று இருக்கிறதாம். மனித உரிமை எங்கே கெட்டுக் கிடக்கிறதோ அங்கே போய் வேலை பார்த்துவிட்டு வா என்று பல்கலைக்கழகமே டிக்கெட் போட்டு அனுப்பிவைக்கும். எங்கள் வீட்டில் அது நன்றாகவே கெட்டுக் கிடந்தது. அத்தானைப் பிடித்துக்கொண்டு போய் மூன்றாவது வருடம் ஓடிக்கொண்டிருந்தது.

அத்தான் வெல்டிங் பட்டறை வைத்திருந்தார். சுற்றுவட்டாரப் பட்டறைத் தொழிலாளர் சங்கத்துக்குச் செயலாளர். அதற்குமேல் அவர் செய்த குற்றம் என்ன என்று என்னைக் கேட்டால், குளித்துவிட்டு வந்து ஈரத் துண்டைக் கட்டிலில் போடுவார், அவ்வளவுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், சாப்பிட்டுக்கொண்டிருந்தவரை மூன்று பேர் வந்து எழுப்பிக் கூட்டிக்கொண்டு போனார்கள். கை கழுவக்கூட விடவில்லை. போலீஸோ வேறு கதை சொன்னது. அவர் பஸ் ஸ்டாண்டில் வெடிமருந்துப் பையோடு பிடிபட்டாராம். வீட்டுப் பக்கம் யாரும் போகவே இல்லையாம்.

கோர்ட், விசாரணை என்று எதுவும் கிடையாது. வருடத்துக்கு ஒருமுறை மறுஆய்வுக் குழு என்று ஒன்று கூடும். உள்ளேயே வைத்திருப்பதா, விடுவதா என்று அது முடிவு செய்யும். அத்தானை வீட்டிலிருந்துதான் பிடித்தார்கள் என்று காட்டிவிட்டால் பஸ் ஸ்டாண்டு பொய், பை பொய், அத்தான் வெளியே வந்துவிடுவார். வக்கீலம்மா எங்களுக்கு அப்படித்தான் புரியவைத்திருந்தார்.

வக்கீலம்மாவுக்கு டயர் கடை மாடியில் இரண்டு அறை ஆபீஸ். ஒன்றில் அவர் இருப்பார், மற்றதில் ஃபைல்கள் இருக்கும். ஆள் வைத்துக்கொள்ள வசதியில்லை. வருகிற பிள்ளைகள்தான் அவருக்குக் கையும் காலும். அந்தப் பிள்ளைகளுக்கு ஒரு நியமம் உண்டு. முந்தின வருடத்து ஆள் எழுதி வைத்துவிட்டுப் போனதைப் படிக்காமல்தான் முதலில் அக்காவிடம் பேச வேண்டும். படித்துவிட்டால் அதன் சாயல் கேள்வியில் ஏறிவிடுமாம். பதிலை நாமே வாயில் ஊட்டிவிட்ட மாதிரி ஆகிவிடுமாம். அவர்கள் புரொபசர் போட்ட உத்தரவு. அதனால் ஒவ்வொரு வருடமும் "முதலிலிருந்து சொல்லுங்கள்" என்பார்கள். அக்கா முதலிலிருந்து சொல்வாள். அது வாக்குமூலமாக டைப் ஆகும். அக்கா கையெழுத்துப் போடுவாள். குழுவின் மேஜைக்கு அது போய்ச் சேரும்.

எனக்கு இதில் ஆரம்பத்திலிருந்தே எரிச்சல்தான். நான் ரத்தப் பரிசோதனை லேபில் வேலை செய்கிறவள். ஒரே கையில் ஆளாளுக்குக் குத்திக்கொண்டே இருந்தால் நரம்பு உள்ளே போய் ஒளிந்துகொள்ளும். வக்கீலம்மாவிடம் ஒருமுறை இதைச் சொன்னேன். "உண்மையைத்தானே சொல்லப்போறாங்க, எத்தன தடவ சொன்னா என்ன?" என்றார். அவர் மேஜையில் எங்கள் ஃபைலைப் போல எத்தனையோ இருந்தன. மேற்கொண்டு நான் வாயைத் திறக்கவில்லை.

முதல் வருடம் வந்தது ஒரு கூட்டம். சின்ன அறையில் எல்லோரும் நெருக்கியடித்து உட்கார்ந்து அக்கா முகத்தையே பார்த்தார்கள். கதவு வேறு திறந்திருந்தது. கீழே டயர் கடைக்காரர்கள் பேசுவது இங்கே கேட்டது என்றால் இங்கே பேசுவதும் அங்கே கேட்குமே. அக்கா மிரண்டுபோய், "வந்தவங்க மூஞ்சில துணி கட்டியிருந்தாங்க, யாருன்னு தெரியல" என்றாள். இரண்டாவது வருடம் ஒரு நெடிய பையன் வந்தான். முதுகில் பெரிய பை, அதிலிருந்து வாய்க்குத் தண்ணீர்க் குழாய். அக்கா மகள் குட்டி அவனுக்கு ஒட்டகம் என்று பெயர் வைத்தாள். அந்த எட்டு வயதுக்காரியிடம் ஊரில் ஒருத்தரும் தப்ப முடியாது. முந்தின வருடம் என்ன சொன்னோம் என்பது அக்காவுக்கு மறந்துபோயிருந்தது. பயம் மட்டும் மறக்கவில்லை. "நான் கொல்லையில துணி துவைச்சிட்டிருந்தேன். ஓடி வந்து பாக்கறதுக்குள்ள முதுகுதான் தெரிஞ்சுது" என்று ஒட்டகத்திடம் சொன்னாள். ஒட்டகம் எழுதிக்கொண்டான்.

மூன்றாவது வருடம்தான் அந்தப் பெண் வந்தாள். அவள் அம்மா சின்ன வயதிலேயே இங்கிருந்து போனவராம். வார இறுதி வகுப்பில் மொழியைப் படித்திருக்கிறாள். வாசலில் நின்று கைகூப்பி, "வணக்கம். தாங்கள் உணவு அருந்திவிட்டீர்களா?" என்றாள். குட்டி சிரித்த சிரிப்பில் நான் அவளை உள்ளே தள்ளிக்கொண்டு போக வேண்டியதாயிற்று. அன்றைக்கே பெயர் விழுந்துவிட்டது: பாடப்புத்தகம்.

ஆனால் பாடப்புத்தகம் மற்றவர்களைப் போல இல்லை. ஆபீஸுக்கு வரச் சொல்லவில்லை. அவளே வீட்டுக்கு வந்தாள். வந்ததும் கேள்வி கேட்கவில்லை. அக்காவோடு தரையில் உட்கார்ந்து வெங்காயம் உரித்தாள், கண்ணைக் கசக்கிக்கொண்டு அழுதாள், சிரித்தாள். குட்டியிடமிருந்து பேச்சுமொழி கற்றுக்கொண்டாள். சில வாரங்களில் "போங்கக்கா, சும்மா சொல்லாதீங்க" என்கிற அளவுக்குத் தேறிவிட்டாள். அக்கா இந்த இரண்டு வருடத்தில் என்னிடம்கூடப் பேசாததை எல்லாம் அவளிடம் பேசினாள். எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

ஒருநாள் அக்கா துணி மடித்துக்கொண்டே, யாரும் கேட்காமல், தானாகவே சொன்னாள்.

"ரெண்டு பேரு ஷூவோட உள்ள வந்தாங்கம்மா. ஒருத்தன் மட்டும் செருப்ப வாசல்ல கழட்டி வெச்சுட்டு வந்தான்."

பாடப்புத்தகம் மடித்துக்கொண்டிருந்த துண்டை மடியில் வைத்தாள்.

"எப்பவும் அப்படித்தான் வருவான். பழக்கம். மூஞ்சில துணியும் இல்ல, ஒண்ணும் இல்ல."

"உங்களுக்குத் தெரிஞ்சவரா அக்கா?"

"சைலன்சர்."

சைலன்சர் எங்கள் பக்கத்து ஸ்டேஷன் போலீஸ்காரன். அவன் பைக்கின் சைலன்சர் எப்போதும் உடைந்துதான் இருக்கும். அத்தான் எப்போதும் ஒட்டிக் கொடுப்பார். ஒட்டி முடிக்கும் வரை வீட்டில் வந்து உட்கார்ந்திருப்பான். எங்கள் வீட்டில் சாப்பிட்டிருக்கிறான். குட்டி அவனை சைலன்சர் மாமா என்றுதான் கூப்பிடுவாள். அவன்தான் அன்றைக்கு அத்தானின் தோளில் கைவைத்து, "எழுந்திரிங்க அண்ணே" என்று சொல்லியிருக்கிறான். அக்காவுக்கும் குட்டிக்கும் இது தெரியும். அன்று மாலை நான் வேலையிலிருந்து வந்ததும் அக்கா என்னிடம் சொன்னாள், வெளியே மூச்சுவிடக் கூடாது என்று என் கையைத் தன் தலையில் வைத்து சத்தியமும் வாங்கிக்கொண்டாள். தினமும் எங்கள் தெரு வழியாகத்தான் அவன் டியூட்டிக்குப் போகிறான். பெண் குழந்தையை வைத்துக்கொண்டு அக்கா வேறு என்ன செய்வாள்?

இதைக் கேட்டுப் பாடப்புத்தகம் அழுதாள், வெங்காயம் இல்லாமலே. பிறகுதான் ஆபீஸுக்குப் போய் பழைய வாக்குமூலங்களைப் பிரித்துப் படித்தாள். மறுநாள் வந்தபோது முகம் பேயறைந்த மாதிரி இருந்தது. ஒன்றில் துணி கட்டிய முகம், ஒன்றில் வெறும் முதுகு, இப்போது பெயரோடு ஒரு ஆள்.

வக்கீலம்மா, பாடப்புத்தகம், அக்கா, நான் எல்லோரும் டயர் கடை மாடியில் உட்கார்ந்தோம். வக்கீலம்மா நெற்றியைத் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

"பழையபடியே விட்டா ஒண்ணும் நடக்காது. ரெண்டு வருஷமா நடக்கலையே. இத போட்டா, ஒண்ணு கேஸ் நிமிரும், இல்ல மொத்தமா சாயும்."

பாடப்புத்தகத்துக்கு நம்பிக்கை இருந்தது. பயத்தில் இருப்பவர்கள் ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொல்ல மாட்டார்கள், துண்டு துண்டாகத்தான் சொல்வார்கள், உலகம் முழுக்க இதை ஆராய்ந்திருக்கிறார்கள் என்றாள். அதையும் ஒரு விளக்கமாக எழுதி, அடிக்குறிப்பெல்லாம் போட்டு இணைத்துவிடலாம் என்றாள். பெயர் குழுவைத் தாண்டி வெளியே போகாது என்றும் சொன்னாள். அவள் பொய் சொல்லவில்லை. அவளுக்கு அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

அக்கா கேட்டது ஒன்றே ஒன்று. "இத சொன்னா அவர விட்டுடுவாங்களாம்மா?"

"உதவும்னு நம்பறேன் அக்கா."

அக்கா 'உதவும்' என்பதை மட்டும் எடுத்துக்கொண்டு, 'நம்பறேன்' என்பதை அங்கேயே விட்டுவிட்டாள். கையெழுத்துப் போட்டாள். போட்டுவிட்டுப் பேனாவைத் துடைத்துத் திருப்பிக் கொடுத்தாள். அன்று இரவு வெகுநாளைக்குப் பிறகு அவள் நன்றாகத் தூங்கினாள். நான்தான் புரண்டுகொண்டிருந்தேன்.

குழு கூடிய அறையில் ஏசி அத்தனை குளிர். மேடையில் மூன்று பேர். பாடப்புத்தகம் பேசக் கூடாது என்பதால் எங்களோடு கடைசி பெஞ்சில் உட்கார்ந்து அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அரசாங்க வக்கீல் கத்துவார், மிரட்டுவார் என்று நினைத்துப் போயிருந்தேன். மனிதர் தேனாகப் பேசினார். அக்காவை "அம்மா, அம்மா" என்றுதான் கூப்பிட்டார். மூன்று வாக்குமூலங்களையும் வரிசையாக, ஆஜர் எடுக்கிற வாத்தியார் மாதிரி நிறுத்தி நிதானமாகப் படித்தார். படித்து முடித்து, "இந்த அம்மா மேல எனக்கு வருத்தமே இல்லீங்க. வெளிநாட்டுலேர்ந்து பசங்க வராங்க, ஒவ்வொருத்தரும் ஒண்ணு கேக்கறாங்க. இவங்களும் பாவம், ஒவ்வொருத்தருக்கும் ஒண்ணு குடுத்திருக்காங்க" என்றார். மேடையில் ஒருவர் சிரித்தே விட்டார்.

வக்கீலம்மா எழுந்து அந்த விளக்கத்தைக் காட்டினார். ஆய்வுகள், அடிக்குறிப்புகள். நடுவில் இருந்தவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஆய்வு இருக்கட்டும். இதுல எது உண்மை?"

"மூன்றாவது, ஐயா."

"அப்ப முதல் ரெண்டும் பொய்னு நீங்களே சொல்றீங்க."

வக்கீலம்மா ஏதேதோ சொன்னார். அக்கா எழுந்து நின்று, "ஐயா, அவன் செருப்ப கழட்டிட்டு வந்தான் ஐயா" என்றாள். உட்காரச் சொன்னார்கள். அத்தனை பெரிய அறையில் அது அற்பமாகக் கேட்டது. பொய் சொன்ன இரண்டு தடவையும் பேசாமல் வாங்கி வைத்துக்கொண்டவர்கள், உண்மையைச் சொன்னதும் பொய்க்காரி என்றார்கள். காவலை இன்னொரு வருடம் நீட்டினார்கள்.

பாடப்புத்தகத்துக்கு அந்த வாரமே ஃபெல்லோஷிப் முடிந்தது. பெட்டியை டாக்சியில் வைத்துவிட்டு எங்கள் வீட்டு வாசலில் நின்று தேம்பித் தேம்பி அழுதாள். தங்கிவிடுகிறேன் என்றாள். விசா இல்லை, படிப்பு பாதியில் நிற்கிறது, தங்கித்தான் என்ன செய்வாள்? அக்காதான் அவளைத் தேற்றினாள். "நீ என்னம்மா பண்ணுவ, அழாத, ஃப்ளைட்டுக்கு நேரமாச்சு" என்று முந்தானையால் அவள் முகத்தைத் துடைத்தாள். எனக்கு இருவர் மேலும் கோபம் வந்தது. யாரைத் திட்டுவது என்று தெரியாததால் டாக்சிக்காரரைத் திட்டினேன், ஹார்ன் அடிக்கிறார் என்று.

அதற்கப்புறம் கொஞ்ச நாளில் ஒரு சாயங்காலம் வாசலில் அந்தச் சத்தம் கேட்டது. அத்தான் போனபிறகு அவன் சைலன்சரை யாரும் சரியாக ஒட்டிக் கொடுக்கவில்லை போலிருக்கிறது. பைக்கை நிறுத்தினான். செருப்பைக் கழற்றி ஓரமாக, ஜோடி சேர்த்து வைத்தான். உள்ளே வந்து அத்தானின் நாற்காலியில் உட்கார்ந்தான்.

"என்ன குட்டி, ஆளே வளந்துட்ட!"

குட்டி வீட்டுப்பாடத்திலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. அவன் தண்ணீர் கேட்டான். அக்கா கொடுத்தாள்.

"நான் என்னம்மா கெடுதல் பண்ணேன் உங்களுக்கு? மேலேர்ந்து போகச் சொன்னாங்க, வந்தேன். இந்த வீட்டுக்கு வராத ஆளா நான்? இப்ப என் பேரு அங்க ஏறி நிக்குது. எனக்கும் ஒரு பொண்ணு இருக்கு."

அவன் தண்ணீரைக் குடித்து முடித்தான்.

"குட்டி ஸ்கூலுக்கு நடந்துதானே போறா? பாத்து அனுப்புங்க. அந்த ரோட்டுல வண்டிங்க தாறுமாறா வருது."

இதை அவன் மிரட்டுகிற மாதிரி சொல்லவில்லை. நிஜமாகவே அக்கறையோடு சொல்கிற குரலில்தான் சொன்னான். பிறகு விஷயத்துக்கு வந்தான். வீட்டுக்கு யாரும் வரவில்லை, அந்த வெளிநாட்டுப் பெண் தானாக எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டாள் என்று அக்கா எழுதிக் கொடுத்துவிட வேண்டும். கொடுத்துவிட்டால் அடுத்த தடவை குழு கூடும்போது அத்தானுக்குச் சாதகமாக அவனே ஒரு வார்த்தை போட்டுவைப்பான்.

அக்கா எழுதிக் கொடுத்தாள். நான் அடுப்படி வாசலில் கரண்டியோடு நின்றுகொண்டிருந்தேன். என் வாய்க்கு இந்தத் தெருவே பயப்படும். அன்றைக்கு அந்த வாயில் ஒரு சொல் வரவில்லை. அவன் போகும்போது என்னைப் பார்த்து, "வரேம்மா" என்றான். நான் தலையை ஆட்டினேன்.

விஷயம் தெரிந்ததும் வக்கீலம்மா வீட்டுக்கு வந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தோம். அவர் குட்டியைப் பார்த்துவிட்டு, "நானா இருந்தாலும் இதைத்தான் பண்ணியிருப்பேன்" என்று சொல்லி எழுந்து போனார். பாடப்புத்தகத்திடமிருந்து வாட்ஸ்அப்பில் செய்தி வந்துகொண்டே இருக்கும்: அங்கே எழுதியிருக்கிறேன், இங்கே மனு கொடுத்திருக்கிறேன், அக்கா எப்படி இருக்கிறார்கள். "நல்லாருக்கோம்னு போடு" என்பாள் அக்கா. போடுவேன்.

அடுத்த விடுமுறைக்கு வேறொரு பெண் வந்தாள், மொழிபெயர்க்க ஒரு ஆளோடு. அவளும் நல்ல பெண்தான். கதவைச் சாத்தினாள். தண்ணீர் வைத்தாள். டிஷ்யூ பெட்டியை அக்கா பக்கம் நகர்த்தி வைத்தாள். பழையது எதையும் அவள் படித்திருக்கவில்லை.

"முதலிலிருந்து சொல்லுங்கள். அவசரமே இல்லை."

"வீட்டுக்கு யாரும் வரல" என்றாள் அக்கா. "பஸ் ஸ்டாண்டுக்குப் போறேன்னு கிளம்பிப் போனாரு. அப்புறம் வரல."

அந்தப் பெண் எழுதிக்கொண்டாள். இன்னும் ஏதாவது வரும் என்று வெகுநேரம் காத்திருந்தாள். ஒன்றும் வரவில்லை.

குழு கூடியது. சைலன்சர் போடுவதாகச் சொன்ன வார்த்தை அங்கே யார் காதிலும் விழுந்ததாகத் தெரியவில்லை. மனைவியே ஒப்புக்கொண்டுவிட்டாள் என்று சொல்லி மறுபடியும் நீட்டினார்கள். அக்கா அழவில்லை. வீட்டுக்கு வந்து அத்தானின் துண்டை எடுத்துத் துவைத்துக் காயப்போட்டாள்.

அந்த மாதம் அத்தானைப் பார்க்க மூவரும் போனோம். நடுவில் கண்ணாடி, இந்தப் பக்கம் ஒரு போன், அந்தப் பக்கம் ஒரு போன். பக்கத்தில் நிற்கிறவர்களுக்கும் பேசுவது கேட்கும்படி சத்தமாகவே இருக்கும். அத்தானுக்குப் பின்னால் ஒரு காவலர், எங்களுக்குப் பின்னால் ஒரு காவலர். அத்தான் இளைத்துப்போயிருந்தார். வெல்டிங் செய்து செய்து காய்த்துப்போயிருந்த கை, வேலையில்லாமல் வெளுத்து, யாரோ ஆபீஸரின் கை மாதிரி ஆகியிருந்தது.

"நீ எழுதிக் குடுத்தத எனக்குப் படிச்சுக் காட்டினாங்க" என்றார்.

அக்கா தலையைக் குனிந்துகொண்டாள்.

"கோவம் இல்ல. கேக்கறேன், அவ்வளவுதான். நான் வீட்லதானே இருந்தேன்? சாப்பிட்டுட்டு இருந்தேன்ல?"

அவர் அவளைக் குத்திக்காட்டவில்லை. நிஜமாகவே கேட்டார். இத்தனை வருடமாக உள்ளே ஒவ்வொரு தடவை விசாரிக்கும்போதும் பஸ் ஸ்டாண்டு, பஸ் ஸ்டாண்டு என்றே சொல்லிச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். இப்போது வீட்டிலிருந்தும் அதே வந்து சேர்ந்திருக்கிறது. அக்கா பின்னால் நின்ற காவலரைத் திரும்பிப் பார்த்தாள். "குட்டி நல்லா படிக்கிறா" என்றாள். "கிளாஸ்ல ரெண்டாவது."

அத்தான் என்னைப் பார்த்தார். நான் அன்று வேலைக்குப் போயிருந்தேன் என்பது அவருக்கும் தெரியும். பிறகு போனைக் குட்டியிடம் கொடுக்கச் சொல்லிக் கைகாட்டினார். குட்டி வாங்கி இரண்டு கையாலும் காதில் வைத்துக்கொண்டாள்.

"குட்டி, நீ சொல்லுடா. அன்னிக்கு நீயும் பக்கத்துல உக்காந்து சாப்பிட்டுட்டு இருந்தேல்ல. அப்பா வீட்லதானே இருந்தேன்?"

ஊரில் இருக்கிற எல்லோருக்கும் பெயர் வைத்தவள், தன் அம்மாவை ஒருமுறை பார்த்தாள். பின்னால் நின்ற காவலரைப் பார்த்தாள்.

"எனக்கு ஞாபகம் இல்லப்பா" என்றாள்.

அத்தான் சிரித்தார். அவளைச் சங்கடப்படுத்திவிட்டோமே என்கிற சிரிப்பு.

"பரவால்லடா கண்ணு" என்றார். "அப்பாவுக்கும் இப்பல்லாம் சரியா ஞாபகம் வரல."